கேட்டுக்கொண்டிருக்கிறேன், கதையுங்கள்

அக்காவின் கார் ஒரு பழைய மொறிஸ் மைனர். வெளிறிய பச்சை நிறம். அதன் பின்கண்ணாடியில் இடது மூலையோரம் உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மேலே, வானொலிப் பொழுதுபோக்குக்காக அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்த அழைப்புக்குறி. அதன் கீழே, காருக்குள் இருக்கும், கேட்கவும் பேசவும் கூடிய ரேடியோ செட்டில் அவர் எந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதைச் சொல்லும் இலக்கம். கடைசியில் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரி: கேட்டுக்கொண்டிருக்கிறேன், கதையுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காலி வீதி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியோடு தமிழில் கதைக்க வேண்டி வந்தால் நாங்கள் குரலைத் தணித்துக்கொள்வோம். டிக்கெட் கேட்கும்போது இடத்தின் பேரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவோம். அப்படியான நாட்களில் ஒரு தமிழ்ப் பெண், ரேடியோ செட் பூட்டிய காரின் பின்னால் இப்படி எழுதி ஒட்டிக்கொண்டு கொழும்பு முழுவதும் ஓடித் திரிந்தார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் அறை எடுத்திருந்தேன். எதிர்வீடு அக்காவுடையது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் ஸ்டியரிங் பிடிப்பார். ஒரு காலை பஸ் தரிப்பில் நின்ற என் பக்கத்தில் காரை நிறுத்தினார்.

"பிள்ளை, கோட்டைக்குத்தானே? ஏறுங்க. ஆனா சும்மா இருந்து வர ஏலாது, கதைக்கணும்" என்றார்.

அவர் கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர். தகப்பனுக்குத் துறைமுகத்தில், வரும் கப்பல்களோடு தந்தி மொழியில் பேசுகிற வேலை. வீட்டில் சாப்பாட்டு மேசையைக் கரண்டியால் தட்டித் தட்டியே மகளுக்கு மோர்ஸ் படிப்பித்திருக்கிறார். எனக்கு அக்கா அதை விளக்கிய விதம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. "குறிலும் நெடிலும்தான் பிள்ளை. சின்னச் சத்தம் குறில், நீட்டுச் சத்தம் நெடில். அதை வச்சு உலகம் முழுக்கக் கதைக்கலாம்." பின்னாளில் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவரைக் காதலித்துக் கலியாணம் முடித்தார். படம் வரையும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அந்த மனிதர், கேட்ட கேள்விக்கு "ம்" என்பதைத் தாண்டி அதிகம் சொல்லமாட்டார். "எங்கட வீட்டில ஒண்டு ட்ரான்ஸ்மிட்டர், ஒண்டு ரிசீவர்" என்பார் அக்கா, அவர் முன்னாலேயே. அவர் அதற்கும் "ம்" என்பார்.

முதல் நாளே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. பம்பலப்பிட்டியில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த சின்னச் செட்டு கரகரத்தது. ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில், முன்னால் நிற்கும் பச்சைக் கார், கேட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றது. அக்கா மைக்கை எடுத்து, "உங்களைத்தான்" என்றார். அவ்வளவுதான். கொள்ளுப்பிட்டி தாண்டி, காலிமுகத்திடல் தாண்டி, இருவரும் மாங்காய் அச்சாறுக்கு வினாகிரி எவ்வளவு விடுவது என்பது வரை கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் நின்ற பல கார்களில் எது அவருடையது என்று தெரியவில்லை. கோட்டைக்குக் கிட்ட ஒரு சந்தியில் அவர் பிரிந்து போனார். பேரைக் கூடக் கேட்கவில்லையே என்றேன்.

"பேர் கேட்டா ஊர் கேட்போம். ஊர் கேட்டா கதை நிண்டுபோகும்" என்றார் அக்கா. அழைப்புக்குறியின் முதல் எழுத்துகள் இந்த நாட்டுக்காரர் எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் சிங்களம் தமிழ் இல்லை என்பது அவருக்குப் பெரிய சந்தோசம். அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

எல்லாக் குரலும் அச்சாறு விசாரிக்க வந்ததில்லை. ஒரு மாலை, அக்காவின் பேச்சில் தமிழ் வாடையைப் பிடித்துக்கொண்ட ஒருவன் சிங்களத்தில் கெட்ட வார்த்தைகளால் ஏசி, உன் ஊருக்குப் போ என்றான். செட்டை நிறுத்தச் சொன்னேன். வானொலிக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு: எதிராளியின் சத்தம் எவ்வளவு பலமாக வருகிறது, எவ்வளவு தெளிவாக வருகிறது என்று அவருக்குச் சொல்லிவிட வேண்டும். அக்கா மைக்கை வாயருகே வைத்து நல்ல சிங்களத்தில், ஐயா என்று மரியாதையாகவே சொன்னார். நன்றி மாத்தயா, உங்கள் சத்தம் மிகவும் பலமாக வருகிறது, தெளிவுதான் கொஞ்சமும் இல்லை, நான் என் ஊருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், அது வெள்ளவத்தை. அந்தக் குரல் பிறகு வரவில்லை. வேறு இரண்டு மூன்று குரல்கள் சிரிப்பது மட்டும் கேட்டது.

நகரத்தில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. செட்டுகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. லைசன் செல்லும், செட்டு மட்டும் அரசாங்கத்தின் காவலில் இருக்கும். அக்கா செட்டைக் கழற்றி, பழைய பருத்திச் சேலை ஒன்றில் சுற்றி, பிள்ளையை ஆசுபத்திரியில் விடுகிறவர் மாதிரிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். டாஷ்போர்டுக்குக் கீழே நான்கு ஆணித்துளைகளும் ஒரு வயர்த் துண்டும் மிஞ்சின.

ஸ்டிக்கரை இனியாவது எடுத்துவிடுவார் என்று ஒழுங்கை முழுவதும் எதிர்பார்த்தது. அயல் வீட்டுக்காரர்கள் வந்து பக்குவமாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"செட்டே இல்லை அக்கா. இனி அது என்னத்துக்கு? சென்றியில நிக்கிற ஆமிப் பொடியளுக்குக் கண்ணில குத்தும். கழட்டி விடுங்கோ."

"செட்டுத்தானே இல்லை பிள்ளை. நான் இருக்கிறேனே" என்றார் அக்கா.

கழற்றவில்லை என்பது மட்டுமல்ல, வெயிலில் வெளிறியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, கொட்டாஞ்சேனையில் நம்பர் பிளேட் எழுதுகிற கடையில் புதிதாக ஒன்று அடிப்பித்து ஒட்டினார். அதிசயம் என்னவென்றால், செட்டு இல்லாத காலத்திலும் அது வேலை செய்தது. பெற்றோல் அடிக்கிறவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தன் மகளின் கலியாணப் பேச்சில் போய் முடிப்பார். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர் தலையை நீட்டி, "நோனா, நான் கதைக்கவா?" என்பார். கதைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த ஊரில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று நான் அப்போதுதான் கண்டேன்.

சோதனைச் சாவடிகளில்தான் கதை வேறாக இருந்தது. காரை ஓரம் கட்டச் சொல்லி, டிக்கியைத் திறந்து, இருக்கையைக் கிளப்பி, செட்டு எங்கே என்று கேட்பார்கள். அக்கா ஒப்படைத்த ரசீதைக் காட்டுவார். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அதை வாங்கியவர்கள் என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்க்கும்போது அக்காவின் பிடிவாதத்தின் மேல் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அடுத்த நாளும் அவருடைய காரில்தான் ஏறுவேன்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்துகொண்டிருந்தோம். பம்பலப்பிட்டியில் ஒரு சோதனைச் சாவடி. அதற்கு முன்னால் வாகனங்கள் நகராமல் நின்றன. திடீரென்று எங்களுக்குப் பின்னால் ஒரு ஹோர்ன் அடித்தது. நான்கு குட்டைச் சத்தம், ஒரு சின்ன இடைவெளி, பிறகு இரண்டு குட்டைச் சத்தம். அக்கா ஸ்டியரிங்கிலிருந்து முதுகை நிமிர்த்தினார்.

"பிள்ளை, ஆரோ எனக்கு வணக்கம் சொல்றாங்க" என்றார்.

ஆறும் குறில். மோர்ஸில் அது ஆங்கிலத்தில் 'ஹாய்'. வானொலிக்காரர்கள் தெருவில் ஒருவரையொருவர் கண்டால் அப்படித்தான் அடிப்பார்களாம். நான் தடுக்குமுன் அக்கா தன் ஹோர்னை அழுத்தி அதையே திருப்பி அடித்துவிட்டார். பின்னாலிருந்து இன்னும் நீளமாக ஏதோ வந்தது, குறிலும் நெடிலுமாக. செட்டைக் கொடுத்த நாளிலிருந்து காணாத ஒரு வெளிச்சம் அக்காவின் முகத்தில். அவரும் பதில் அடித்தார். சுற்றி நின்ற வாகனக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாவடியில் நின்ற சிப்பாய்களும் பார்த்தார்கள்.

அவர்களில் ஒருவனுக்கு அது சங்கேதம் என்று விளங்கிவிட்டது. துவக்கை நீட்டியபடி ஓடி வந்தார்கள். ஸ்டிக்கரைக் கண்டார்கள், ஆணித்துளைகளைக் கண்டார்கள், என் அடையாள அட்டையைக் கண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் காரை ஒரு பொலிஸ்காரர் ஓட்ட, நாங்கள் ஜீப்பில் ஏற்றப்பட்டுப் பொலிஸ் நிலையம் போனோம். பின்னால் நின்ற வாகனங்களை அவசரமாக விலக்கிப் போகச் சொன்னார்கள். ஹோர்ன் அடித்தது எது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிலையத்தில் எங்களை ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களை அந்த நாட்களில் உள்ளே எடுத்தால் எப்போது வெளியே விடுவார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பொறுப்பதிகாரி வந்தார். கண்களைச் சுற்றிக் கருமை படிந்த மனிதர். யாரோடு பேசினாய், என்ன பேசினாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

யாரென்று தெரியாது, முகத்தைப் பார்க்கவில்லை என்றார் அக்கா. அவர் சொன்னது, உங்கள் பின் ரயரில் காற்றுக் குறைகிறது என்று. நான் சொன்னது, நன்றி, வீடு கிட்டத்தான், மெதுவாகப் போகிறேன் என்று.

பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. நகரத்தில் குண்டு வெடிக்கிற நேரத்தில் முகம் தெரியாத ஒருவர் உனக்கு ரயரைப் பற்றிச் சங்கேதத்தில் சொன்னார், அதை நான் நம்ப வேண்டும் என்றார். அது நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது. இதை நாங்கள் எப்படி நிரூபிப்பது? அந்த ஒரே சாட்சி தன் வழியே போய்விட்டார்.

அவர் போகவில்லை. வாசலில் சத்தம் கேட்டது. வெள்ளைச் சாரம் உடுத்து, கைநீளச் சட்டை போட்ட ஒரு கிழவர் காவலுக்கு நின்றவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். சிங்களவர். கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வத்தளையிலிருந்து தெஹிவளையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். பச்சைக் காரிலிருந்து பெண்களை இறக்கி ஜீப்பில் ஏற்றுவதைக் கண்டு, அடுத்த சந்தியில் வாகனத்தைத் திருப்பி, எந்த நிலையம் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஹோர்ன் அடித்தது நான்தான். முதலில் கதையைத் தொடங்கியதும் நான்தான். அந்த நோனாவைப் பிடித்தால் என்னையும் பிடிக்க வேண்டும்" என்றார் சிங்களத்தில். சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே எங்கள் வாங்கின் மறுநுனியில் வந்து இருந்துகொண்டார்.

பொறுப்பதிகாரி அவரை உடனே தனியறைக்குக் கூட்டிப்போய் விசாரித்தார். திரும்பி வந்து ஒரு பொலிஸ்காரரைக் காரைப் பார்க்க அனுப்பினார். போனவர் வந்து, பின்பக்க ரயரில் காற்று முழுதாக இறங்கிவிட்டது என்றார். ஆனாலும் அதிகாரி விடவில்லை. இருவரும் முதலே பேசி வைத்திருக்கலாம் என்றார். அப்படியானால் ஐயாவே ஒரு வசனம் எழுதித் தாருங்கள் என்றார் அக்கா. எங்கள் இருவருக்கும் தெரியாத வசனம். நான் இந்த அறையிலிருந்து அனுப்புகிறேன், அவர் அந்த அறையிலிருந்து வாசிக்கட்டும்.

தேநீர்க் கோப்பையோடு வந்த கரண்டி ஒன்று மேசையில் கிடந்தது. அதிகாரி நெடுநேரம் யோசித்து, ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எதையோ எழுதி அக்காவிடம் கொடுத்தார். கிழவரை நடு மறைப்புக்கு அப்பால் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியால் மேசையில் குறிலுக்குத் தட்டி, நெடிலுக்குத் தட்டி இழுத்து அனுப்பத் தொடங்கினார். நிலையம் முழுவதும் வேலையை விட்டுவிட்டு அங்கே கூடிவிட்டது. கரண்டியின் சத்தம் மட்டும்.

தட்டி முடிந்ததும் கிழவர் சுவரைப் பார்த்தபடியே சிங்களத்தில் வாசித்தார்: "'எனக்கு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ள வேண்டும்.'"

கூடி நின்ற பொலிஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் முகத்தைத் திருப்பினார். பொறுப்பதிகாரி துண்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். இப்போது மறுபக்கம் என்றார். கிழவர் காதில் எதையோ சொல்லி, கரண்டியை அவரிடம் கொடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு உரக்கச் சொன்னார்: "ஐயா கேட்கிறார், 'நோனா, அந்த ஸ்டிக்கரைக் கழற்றிவிட முடியாதா?'"

இந்த முறை எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சரியாக இருந்தது என்று விளங்கியது. அக்கா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, கிழவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேசையில் சுருக்கமாக ஏதோ தட்டினார். கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டார். கிழவர் சொல்லத் தயங்கினார். சொல் என்றார் அதிகாரி.

"'அது மட்டும் ஏலாது' என்கிறார், மாத்தயா."

அந்தக் கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் பொறுப்பதிகாரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதிரையில் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்தார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"போங்கள்" என்றார். "சாவடிக்குப் பக்கத்தில் ஹோர்ன் அடிக்க வேண்டாம். மற்றதை நான் காணவில்லை."

வெளியே வந்தபோது, தகவல் அறிந்து ஓடிவந்திருந்த அக்காவின் கணவர் வாசலில் நின்றார். காலில் செருப்பு இல்லை. அக்காவைக் கண்டதும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இது இவருக்குப் பெரிய பேச்சு" என்றார் அக்கா என்னிடம். அவருடைய குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. இரண்டு பொலிஸ்காரர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு மொறிஸ் மைனரின் ரயரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று அக்கா அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

கிழவர் விடைபெற வந்தார். நீங்கள் போயிருக்கலாமே, ஏன் வந்தீர்கள் என்று அக்கா கேட்டார். கதை பாதியில் நின்றுவிட்டதே என்றார் அவர். அன்றும் அவர்கள் ஒருவர் பேரை ஒருவர் கேட்கவில்லை. "பேர் பொலிசுக்குத் தெரியும், போதும்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் எங்கள் கார் தெரிந்த காராகிவிட்டது. சிப்பாய்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் போகிறவர்கள் வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அட்டையை வாங்கிப் பார்ப்பது மாறவில்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது ஒருவன் பொனட்டில் விரலால் தட்டுவான், நான்கும் இரண்டும். அக்கா கதவில் தட்டிப் பதில் சொல்லுவார். ஒரு சின்னப் பையன், மொனராகலைப் பக்கத்தான், அம்மாவின் முழங்கால் வலிக்கு என்ன மருந்து என்று அக்காவிடம் கேட்டு வைத்துக்கொண்டான். துவக்கு அவன் தோளில்தான் இருந்தது.

சண்டை நிறுத்தம் வந்த காலத்தில் செட்டுகளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்குள் எனக்குக் கலியாணமாகி, அதே ஒழுங்கையில் வேறு வீட்டில் இருந்தேன். அக்கா போய், கொடுத்த சேலையிலேயே சுற்றியபடி செட்டைக் கொண்டுவந்தார். கணவர்தான் முழங்காலிட்டு இருந்து அதைப் பழைய துளைகளில் பூட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒழுங்கையின் கடைசியில் தண்டவாளத்துக்கு இப்பால், கடலைப் பார்த்துக் காரை நிறுத்தினோம். இவ்வளவு வருசம் பூட்டிக் கிடந்த செட்டு, யார் இன்னும் அந்த அலைவரிசையில் இருப்பார்கள் என்று அக்காவுக்குப் பயம். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மைக்கை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

பிறகு தன் அழைப்புக்குறியைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

வெறும் இரைச்சல். ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போனது. கணவர் செட்டை நோக்கிக் குனிந்தார். அப்போது ஒரு குரல் வந்தது. அந்த வத்தளைக் கிழவர், இன்னும் கிழடாகிப்போன குரலில். அவர் முடிக்குமுன் கண்டியிலிருந்து ஒருவர் குறுக்கிட்டார். அவருக்கு மேலால் மொறட்டுவைப் பெண் ஒருத்தி. பிறகு தமிழில் ஒருவர், சிங்களத்தில் இருவர், அச்சாறு விசாரித்த அதே ஆங்கிலம், பச்சைக் கார் இன்னும் ஓடுகிறதா என்று. ஒருவர் குரலின் மேல் ஒருவர் ஏறி விழ, செட்டின் ஸ்பீக்கர் அதிர்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் அக்காவோடு கதைக்க வேண்டும் என்று நின்றார்கள்.

அக்காவின் கண்களால் நீர் ஓடியது. துடைக்கவில்லை. இரண்டு கைகளாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மற்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"பொறுங்க, பொறுங்க. ஒவ்வொருத்தரா வாங்க. நான் எங்கயும் போகல."